கம்பம் மெட்டு ஏறாதீங்க, கீழ பந்தக்காட்டுக்குள்ள போங்க: கிராவல் சைக்கிளுக்கு ஒரு விரிவான பதில்

கோயம்புத்தூர்ல இருந்து ஒரு தம்பி கேட்டிருக்கார். அவரும் அவர் வீட்டுக்காரம்மாவும் புதுசா ரெண்டு கிராவல் சைக்கிள், அதாவது மண்ரோட்டுலயும் சரளையிலயும் ஓட்டுறதுக்கு அகல டயர் போட்ட சைக்கிள், வாங்கியிருக்காங்களாம், இத்தாலில டஸ்கனி பக்கம் திராட்சை தோட்டத்துக்கு நடுவுல வெள்ளை வெளேர்னு மண்ரோட்டுல காரு பஸ்ஸு எதுவும் இல்லாம ஓட்டுற வீடியோ பாத்திருக்காங்க, அந்த மாதிரி மலையும் திராட்சையும் மண்ரோடும் சேந்து நம்ம பக்கம் எங்கயாவது இருக்கா, கேரளா பார்டர்ல கம்பம் மெட்டு ஏறுனா அப்படி இருக்குமா, அங்க மாதிரி வைனும் கிடைக்குமான்னு கேள்வி.

இருக்கு தம்பி. ஆனா மெட்டுல இல்ல, மெட்டுக்கு கீழ இருக்கு.

கம்பம் மெட்டு ரோடு ஏறத்தாழ 13 கிலோமீட்டர், 18 கொண்டை ஊசி வளைவு, தார் ரோடு. ஏறிப் பாக்குறதுக்கு அருமையான ரோடுதான், இல்லேங்கல. ஆனா நீங்க கேட்ட "வண்டி இல்லாத" சமாச்சாரம் அங்க நடக்காது. காலைல அஞ்சு மணியில இருந்தே கம்பம், கூடலூர் பக்கத்துல இருந்து ஏலத்தோட்ட வேலைக்கு ஆள் ஏத்திக்கிட்டு ஜீப்பு ஜீப்பா இடுக்கி பக்கம் ஏறும், எட்டு மணிக்குள்ள ஆள தோட்டத்துல இறக்கணும்னு அவங்க அவசரம் அவங்களுக்கு, சாயங்காலம் நாலு மணிக்கு மேல அதே ஜீப்பெல்லாம் இன்னும் வேகமா இறங்கும். கார்த்திகை மார்கழியில சபரிமலை கூட்டம் வேற, கூட்டம் அதிகமானா போற வண்டிய கம்பம் மெட்டு வழியா ஏத்தி திரும்புற வண்டிய குமுளி வழியா இறக்கிவிடுவாங்க, அந்த நாள்ல ரெண்டு ரோட்டுலயும் சைக்கிளுக்கு இடமே கிடையாது. லோயர் கேம்ப்ல இருந்து குமுளி ஏறுற ரோடு தேசிய நெடுஞ்சாலை 183, லாரி, பஸ், டூரிஸ்ட் வேன் எல்லாம் அதுலதான். போடி மெட்டும் அதே கதைதான்.

அதனால மலை ஏறணும்ங்கற ஆசைய ஒரு பக்கம் வெச்சுட்டு பள்ளத்தாக்குக்குள்ள வாங்க. மேற்க இடுக்கி மலை சுவர் மாதிரி நிக்கும், கிழக்க மேகமலை, நடுவுல முல்லைப்பெரியாறு ஓடுது, ரெண்டு பக்க அடிவாரத்துலயும் தென்னை, வாழை, நெல்லு, திராட்சை பந்தல். ஊருக்கு ஊரு நெடுஞ்சாலைல போறவங்களுக்கு இதெல்லாம் கண்ணுல படாது, ரோட்ட விட்டு ஒரு ரெண்டு கிலோமீட்டர் உள்ள போனா போதும் வண்டிச் சத்தம் நின்னுரும், மோட்டார் ரூம்ல தண்ணி விழுற சத்தமும் மயில் கத்துறதும்தான்.

டஸ்கனிய பத்தி ஒரு விஷயம் சொல்லிட்டு மேல போறேன், ஏன்னா அது இங்கயும் பொருந்தும். அங்க இருக்கற அந்த வெள்ளை மண்ரோடெல்லாம் சைக்கிளுக்காக போட்டது இல்ல, தோட்டத்துக்கும் பண்ணை வீட்டுக்கும் போக வர போட்டது. ஒவ்வொன்னா தார் ஊத்தி மூடிக்கிட்டே வந்தாங்க, அத காப்பாத்தணும்னுதான் 1997ல ஜியன்கார்லோ ப்ரோச்சின்னு ஒருத்தர் கயோலே இன் கியாந்திங்கற ஊர்ல பழைய காலத்து சைக்கிள வெச்சு எரோயிகான்னு ஒரு ஓட்டம் ஆரம்பிச்சார். 2007ல இருந்து அதே மண்ரோட்டுல ஸ்ட்ராடே பியாங்கேன்னு பெரிய ரேஸே நடக்குது, சியனா ஊர் சதுக்கத்துல போய் முடியும். விவசாயி போட்ட பாதை மேலதான் உலகமே இன்னைக்கு கிராவல்னு ஓட்டிக்கிட்டு இருக்கு. நம்ம வண்டிப்பாதையும் அதேதான், போர்டு வெக்கல, அவ்வளவுதான்.

சரி, எந்தப் பக்கம் போறதுன்னு பாப்போம். ரெண்டு பக்கம் இருக்கு, ரெண்டும் வேற வேற குணம்.

மேற்கு பக்கம் 18ஆம் கால்வாய்னு பேரு உள்ள பாசனக் கால்வாய். லோயர் கேம்ப் பக்கத்துல ஆரம்பிச்சு கூடலூர், கம்பம், கோம்பை, தேவாரம்னு இடுக்கி மலை அடிவாரத்த ஒட்டியே போடி பக்கமா போகுது. கால்வாய் கரைல ஓட்டுறதுல உள்ள சுகம் என்னன்னா, தண்ணி ஓடணும்னா மட்டம் வேணும் இல்லையா, அதனால கால்வாய் மேடு ஏறாது, மலை எப்படி வளையுதோ அப்படியே வளைஞ்சு வளைஞ்சு போகும், கரைப்பாதையும் கூடவே வளையும். மலைக்கு அவ்வளவு பக்கத்துல இருப்பீங்க, ஆனா கால் வலிக்காது. உங்க வீட்டுக்காரம்மா புதுசா ஓட்டுறாங்கன்னா மொத நாள் இங்கதான் கூட்டிட்டு வரணும். கரை எல்லா இடத்துலயும் ஒரே மாதிரி இருக்காது, சில இடத்துல முள்ளு அடைஞ்சு கிடக்கும், சில இடத்துல ஓடை வந்து விழுற எடத்துல கரை அரிச்சிருக்கும், அங்கல்லாம் இறங்கி தோப்புப் பாதைல சுத்திப்போய் மறுபடி கரையில ஏறிக்கணும். தண்ணி போற நாள்ல ஓரத்துல ஓட்டாதீங்க, உள்பக்கம் சரிவு, சறுக்குனா பிடிக்க ஒன்னும் கிடையாது.

கிழக்கு பக்கம்தான் திராட்சை நாடு. கம்பத்துல இருந்து சுருளி ரோட்டுல கிளம்பி சுருளிப்பட்டி, நாராயணத்தேவன்பட்டி, காமயகவுண்டன்பட்டி, ஆனைமலையன்பட்டி, ராயப்பன்பட்டின்னு மேகமலை அடிவாரத்துலயே வடக்க வந்து உத்தமபாளையத்துல ஆத்த தாண்டலாம். ஊருக்கும் ஊருக்கும் தார் ரோடு இருக்கு, ஆனா நீங்க அதுல போக வேண்டியதில்ல, ஒவ்வொரு ஊர்ல இருந்தும் கிழக்க மலைய பாத்து பந்தக்காட்டுக்குள்ள வண்டிப்பாதை பிரியும், செம்மண்ணும் சரளையுமா. ஒரு பாதைல உள்ள போய் இன்னொரு பாதைல வெளிய வந்து அடுத்த ஊர புடிக்கிறதுதான் வழி. மேகமலைல இருந்து எறங்குற ஓடை எல்லாம் இந்த பாதைய குறுக்க வெட்டும், அதனால இந்தப் பக்கம் ஏத்தம் இறக்கம் ஜாஸ்தி, சின்னச் சின்னதா வரும், ஒவ்வொன்னும் அம்பது அறுபது மீட்டர் நீளம்தான் இருக்கும் ஆனா சரளைல நின்னு மிதிக்க முடியாது, பின் வீல் சுத்தும், சீட்டுல உக்காந்தே லோ கியர்ல மெதுவா ஏறணும். சுத்தி வந்தா 40 கிலோமீட்டர் கிட்ட வரும். தார் ரோட்டுல அது ரெண்டு மணி நேரம், இங்க அரை நாள்னு வெச்சுக்கங்க.

இன்னும் கடுமையா வேணும்னா சின்னமனூருக்கு கிழக்க ஓடைப்பட்டி பக்கம் போங்க. விதையில்லா திராட்சைக்கு பேர் போன ஊர். அங்க மரம் கம்மி, கல்லு ஜாஸ்தி, வெயில் நேரா மண்டையில இறங்கும். பதினோரு மணிக்குள்ள முடிச்சுரணும்.

இப்ப திராட்சைய பத்தி, ஏன்னா இது தெரியாம பந்தலுக்கு நடுவுல ஓட்டுறது பாதிதான். இங்க விளையுறது பெரும்பாலும் பன்னீர் திராட்சை, அதோட உலகப் பேரு மஸ்கட் ஹாம்பர்க். 1832ல ஒரு பிரெஞ்சு பாதிரியார் தமிழ்நாட்டுக்கு கொண்டாந்ததா சொல்றாங்க. கம்பம் பன்னீர் திராட்சைக்கு 2023ல புவிசார் குறியீடு கிடைச்சுச்சு. இத்தாலில நீங்க பாத்தது வரிசை வரிசையா இடுப்பு உயர வேலி மாதிரி இருந்திருக்கும். இங்க அப்படி இல்ல, கல்தூண் நட்டு மேல கம்பி இழுத்து ஆள் உயரத்துக்கு பந்தல். வெயில் இலை மேல விழும், குலை நிழல்ல தொங்கும். குளிர் நாட்டுல பனிக்காலத்துல கொடி தூங்கிப்போயி வருசத்துக்கு ஒரு வெள்ளாமைதான், நம்மூர்ல கொடிக்கு தூக்கமே கிடையாது, விவசாயி எப்ப கொடிய வெட்டி கவாத்து பண்றாரோ அப்ப துளிர்க்கும், கவாத்துல இருந்து ஏறக்குறைய நாலு மாசத்துல பழம். ஒவ்வொருத்தரும் ஒவ்வொரு நேரம் வெட்டுறதால வருசம் பூரா பழம் உண்டு, நீங்க எந்த மாசம் வந்தாலும் ஒரே ரோட்டுல இடது பக்கம் மொட்டையா கவாத்து பண்ணுன பந்தலும் வலது பக்கம் கருகருன்னு குலை தொங்குற பந்தலும் பாக்கலாம். உலகத்துல நிறைய திராட்சை ஊர்ல இது பாக்க முடியாத காட்சி.

போன தை மாசம் காமயகவுண்டன்பட்டிக்கு கிழக்க ஒரு பந்தல் வாசல்ல நின்னேன். அஞ்சாறு அக்கா மாருங்க தரையில சாக்கு விரிச்சு உக்காந்து குலை குலையா கைல எடுத்து சின்ன கத்தரியால சொத்தைப் பழத்த மட்டும் நறுக் நறுக்குன்னு வெட்டித் தள்றாங்க, காம்பத்தான் புடிக்கிறாங்க, பழத்துல விரலே படல. ஏன்க்கான்னு கேட்டேன். "மேல மாவு மாதிரி பூத்திருக்கு பாருங்கண்ணே, கை பட்டா அழிஞ்சுரும், அழிஞ்சா பழசுன்னு யாவாரி வெல கொறைச்சுருவான்"னு ஒரு அக்கா சொன்னாங்க. பக்கத்துல குனிஞ்சு பாத்தா கருநீலத் தோலு மேல சாம்பல் பூத்தாப்ல மெல்லிசா ஒரு படலம், ஒரே ஒரு பழத்துல யாரோ தொட்ட விரல் தடம் மட்டும் பளபளன்னு கருப்பா தெரிஞ்சுச்சு. அதுக்கப்புறம் நான் எந்தப் பந்தலுக்குள்ளயும் கைய நீட்டுனது இல்ல. நீங்களும் நீட்டாதீங்க, வேணும்னா கேட்டு காசு குடுத்து வாங்குங்க, பாதி நேரம் அவங்களே ஒரு கை அள்ளி குடுப்பாங்க.

வாங்குனாலும் கழுவாம திங்காதீங்க. இங்க மருந்து அடிக்காம திராட்சை எடுக்க முடியாது, சாம்பல் நோய் அடிச்சாம்பல் நோய்னு ஏதாவது ஒன்னு வந்துரும். மயில்துத்தமும் சுண்ணாம்பும் கலந்து அடிக்கிற போர்டோ கலவை இருக்கே, அதுவே பிரான்ஸ்ல போர்டோங்கற வைன் ஊர்ல 1880கள்ல கண்டுபுடிச்சதுதான், இலையெல்லாம் நீலமும் வெள்ளையுமா திட்டுத் திட்டா இருந்தா அது அதுதான். ஸ்ப்ரேயர் சத்தம் கேட்டா காத்து எந்தப் பக்கம் அடிக்குதுன்னு பாத்து நில்லுங்க, அல்லது வேற பாதை புடிங்க. ஒரு தடவ நான் ரெண்டு நிமிசம்தானேன்னு நடுவுல பூந்து போய் அன்னைக்கு முழுக்க கண்ணு எரிச்சல், தொண்டை கமறல். பெரும்பாலும் காலைல காத்து அடங்கியிருக்கும்போதுதான் அடிப்பாங்க, அதாவது நீங்களும் சைக்கிள் எடுக்கற அதே நேரம்.

வைன் கேட்டீங்கள்ல, அதையும் சொல்லிர்றேன். இந்தப் பழத்துல வைன் வரும், பக்கத்துலயே வைன் ஆலைக்கும் கொஞ்சம் போகுது, ஆனா பெரும்பகுதி திங்கிற பழமா கேரளாவுக்கும் மதுரை, சென்னைக்கும் வண்டி ஏறிரும். டஸ்கனி மாதிரி தோட்டத்துக்கு தோட்டம் உக்காந்து ருசி பாக்குற ஏற்பாடு எதிர்பாத்து வராதீங்க. ஓட்டுற நாள்ல அது வேணவே வேணாம், இளநி இருக்கு.

அடுத்து முள்ளு. இத ரெண்டு தடவ படிங்க. இந்தப் பள்ளத்தாக்குல உங்க ஓட்டத்த கெடுக்கப்போறது மலை இல்ல, வெயில் இல்ல, முள்ளுதான். ரெண்டு ஜாதி. ஒன்னு நெருஞ்சி, சின்னது, எப்படிப் போட்டாலும் ஒரு முனை மேல பாத்து நிக்கும். காலைல தரையோட தரையா மஞ்சப் பூ விரிச்ச மாதிரி தெரிஞ்சா அழகா இருக்குன்னு அது மேல ஏத்திராதீங்க, அதுதான் நெருஞ்சி, பூ இருக்கற எடத்துல காயும் இருக்கும். இன்னொன்னு சீமைக்கருவேலம், கால்வாய் கரையில வெட்டிப் போட்ட கிளை காஞ்சு மண்ணுக்குள்ள பொதைஞ்சு கிடக்கும், முள்ளு ரெண்டு இஞ்சு கூட இருக்கும், செருப்பையே துளைச்சு கால்ல ஏறும், டயர் எம்மாத்திரம். மொத தடவ நான் சாதா டியூப்போட போனேன், ரெண்டு ஸ்பேர் டியூப் இருக்குன்னு தைரியம். ராயப்பன்பட்டி தாண்டுறதுக்குள்ள ரெண்டும் முடிஞ்சு, முன் வீல்ல மட்டும் ஏழு ஓட்டை எண்ணுனேன், ஒரு புளியமரத்தடியில ஒட்டுப்போட பசையும் தீந்துபோய் நாலு கிலோமீட்டர் தள்ளிக்கிட்டே வந்தேன். அன்னைக்கு முடிவு பண்ணுனதுதான், டியூப்லெஸ் இல்லாம இந்த மண்ணுல இறங்குறதில்ல, அதாவது உள்ள டியூப் போடாம, ஓட்டைய தானா அடைக்கிற சீலன்ட்ங்கற திரவம் ஊத்துன டயர்.

40 மில்லிமீட்டர் டயராவது வேணும், 45 இருந்தா இன்னும் நல்லது. சீலன்ட் புதுசா ஊத்துங்க, நம்மூர் வெயில்ல ரெண்டு மூணு மாசத்துல காஞ்சு ரப்பர் துகளாயிரும், கடையில ஊத்துனது இருக்கும்னு நம்பாதீங்க, வீல குலுக்கிப் பாத்தா தண்ணி மாதிரி களக்களக்னு சத்தம் வரணும். நெருஞ்சி குத்துனா முள்ள புடுங்கிட்டு ஓட்டைய கீழ் பக்கமா வெச்சு சுத்துனா போதும், தானா அடைச்சுக்கும். கருவேல முள்ளு குத்துனா ஊருக்கு வர்ற வரைக்கும் புடுங்காதீங்க, காத்து எறங்காம இருக்கற வரைக்கும் அந்த முள்ளுதான் அதுக்கு மூடி. பெரிய ஓட்டைய அடைக்கிற பிளக் கிட்டு, ஒரு பம்பு, கடைசி நம்பிக்கைக்கு ஒரு டியூப், இது மூணும் எடுத்துக்கங்க. காத்து எவ்வளவுன்னா, 70 கிலோ ஆளுக்கு 40 மில்லிமீட்டர் டயர்ல 35 பிஎஸ்ஐ சுத்தமா போதும், ரோட்டு பழக்கத்துல 60 அடிச்சுட்டு வந்தீங்கன்னா சரளைல கல்லு கல்லா எகிறும், கை மரத்துப் போயிரும்.

மழை பேஞ்ச மறுநாள் வயக்காட்டுப் பாதை வேணாம். இந்தப் பள்ளத்தாக்குல மட்டும் பெரியாத்துத் தண்ணியில 14,707 ஏக்கர் இருபோக நெல்லு, அந்த களிமண்ணு டயருக்கும் ஃபோர்க்குக்கும் நடுவுல அப்பிக்கிட்டு வீலே சுத்தாது. செம்மண் சரளை பக்கம் மழை நின்னு அரை நாள்ல ஓட்டலாம். எந்த மாசம்னா மார்கழி பாதியில இருந்து மாசி வரைக்கும், மழை முடிஞ்சு மலை பச்சையா இருக்கும், காலைல குளிர் இருக்கும், தூசி கம்மி. சபரிமலை நெரிசல் ரோட்டுலதான், பந்தக்காட்டுக்குள்ள அதோட சுவடே தெரியாது. ஆனி ஆடியில வரணும்னா காத்துக்கு தயாரா வாங்க, கேரளா பக்கம் இருந்து கணவாய் வழியா பிச்சுக்கிட்டு எறங்கும், தேனி பக்கம் கரண்டு எடுக்கற காத்தாடி அவ்வளவு நட்டு வெச்சிருக்காங்கன்னா சும்மாவா. அந்த மாசத்துல காலைல உத்தமபாளையத்துல ஆரம்பிச்சு காத்து ஏறுறதுக்குள்ள கூடலூர் பாத்து போயிரணும், திரும்பும்போது காத்தே தள்ளிக்கிட்டு வந்து விட்டுரும். மாத்தி ஓட்டுனீங்கன்னா களைச்ச நேரத்துல எதிர்க்காத்து.

காட்ட பத்தி கண்டிப்பா சொல்லணும். கிழக்க இருக்கற மலை 2021ல இருந்து ஸ்ரீவில்லிபுத்தூர் மேகமலை புலிகள் காப்பகம். பந்தல் முடிஞ்சு மரம் அடர்த்தியாகி பாதை மேல ஏறுதுன்னா அங்கயே திரும்பிருங்க, அனுமதி இல்லாம ஒரு அடி வைக்கக்கூடாது, செக்போஸ்ட் இல்லேன்னா பரவாயில்லன்னு அர்த்தம் இல்ல. 2023 மே மாசம் அரிக்கொம்பன்ங்கற காட்டு யானை கம்பம் டவுனுக்குள்ளயே வந்துச்சு, ஒருத்தர் இறந்தும் போனார், ஜூன்ல மயக்க ஊசி போட்டுப் புடிச்சு முண்டந்துறை பக்கம் கொண்டுபோய் விட்டாங்க. அது அபூர்வம், ஆனா அடிவாரத் தோட்டத்துக்கு யானை, பன்னி வர்றது அபூர்வம் இல்ல. அதனால விடிஞ்சு வெளிச்சம் வந்தப்புறம்தான் கிளம்பணும், இருட்டுறதுக்கு ஒரு மணி நேரம் முன்னாடி ஊருக்குள்ள இருக்கணும். கிளம்புறப்ப டீக்கடையில இல்லேன்னா தோட்டத்துல இருக்கறவங்ககிட்ட "மேல ஏதும் எறங்கியிருக்கா"ன்னு ஒரு வார்த்தை கேளுங்க, எந்த ஆப்பும் அத சொல்லாது.

இந்தப் பாதையெல்லாம் யாரோ ஒருத்தர் வேலைக்குப் போற பாதை. பழம் ஏத்துன டெம்போ வந்தா நீங்கதான் ஒதுங்கணும், அது பிரேக் போட்டா குலை நசுங்கும். தண்ணி பாயுற வாய்க்கால் கரைய வீலால உடைச்சுராதீங்க. கம்பி கேட்டு மூடியிருந்தா தனியார் எடம், திறந்திருந்தாலும் ஆள் இருந்தா ஒரு கும்பிடு போட்டு கேட்டுட்டுப் போங்க. இது வரைக்கும் என்னை யாரும் போகாதன்னு சொன்னதில்ல, எங்க போறீங்க, எந்த ஊரு, டீ குடிச்சீங்களாதான் கேட்டிருக்காங்க.

இவ்வளவு பச்சையும் எப்படி வந்துச்சுன்னு மேல இருந்து ஒரு தடவ பாக்கணும். மேற்க ஓடிக்கிட்டிருந்த பெரியாத்த பென்னிகுவிக் 1895ல அணை கட்டி மலையக் குடைஞ்சு கிழக்க திருப்பலேன்னா இங்க பந்தல் ஏது, பாதை ஏது. பெரும்பாலும் பொங்கல் சமயத்துல, அவர் பிறந்த நாள் ஜனவரி 15ங்கறதால, ஊர் ஊரா பொங்கல் வெப்பாங்க, லோயர் கேம்ப் மணிமண்டபத்துல கூட்டமா இருக்கும், அந்த வாரம் வந்தா பாக்கலாம். மேல இருந்து பாக்கறதுக்கு சைக்கிள கம்பத்துல விட்டுட்டு பஸ்ல குமுளி போயி அங்கிருந்து ஆட்டோ புடிச்சு செல்லார்கோவில் போங்க, மலை விளிம்புல நின்னா காலுக்கு கீழ நீங்க மொத நாள் ஓட்டுன பந்தலெல்லாம் கட்டம் கட்டமா தெரியும், கால்வாய் ஒரு கோடு மாதிரி மலைய சுத்திப் போறது தெரியும்.

வந்து சேர்றதுக்கு, மதுரையில இருந்து அகல ரயில்பாதை 2022ல தேனி வரைக்கும் வந்து 2023 ஜூன்ல போடி வரைக்கும் நீண்டுருச்சு, சென்னையில இருந்தும் வாரத்துல மூணு நாள் போடிக்கு ரயில் இருக்கு. நீங்க கோயம்புத்தூர்னா கார்ல சைக்கிள ஏத்திக்கிட்டு வர்றதே லேசு. கம்பத்துல ரூம் எடுங்க, உத்தமபாளையத்த விட அங்க வசதி. மொத நாள் கால்வாய் கரை, ரெண்டாம் நாள் சுருளிப்பட்டி பக்கம் பந்தக்காடு. கிளம்புறதுக்கு மொத நாள் ராத்திரி சீலன்ட குலுக்கிப் பாத்துட்டு, காலைல நல்லா வெளிச்சம் வந்ததும் சைக்கிள எடுங்க, ஜீப்புக்காரங்க எல்லாம் மெட்டுப் பக்கம் போயிருப்பாங்க, நீங்க கிழக்க திரும்பிக்கங்க.